அச்சுத்தொழிற் சொற்களும் நூற்பதிப்பு ஆராய்ச்சியும்

ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு ஒரு நூலின் மூலத்தைத் துணிய முற்படுவோர்க்கு ஏட்டெழுத்தின் இயல்பு நன்கு தெரிந்திருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. மெய்யெழுத்துகள் புள்ளி பெறாமை, எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் வடிவால் வேறுபடாமை, காலும் ரகரமும் ஒரு தன்மையவாய் நிற்றல் முதலியவற்றை அறியாதார் பாடபேதங்களை ஆராயப் புகின் இடர்ப்படுவர். ஆயின் இத்தகைய அறிவு அச்சு நூல்களுக்கும் வேண்டும் என்பதைப் பலர் கருதுவதில்லை. அச்சில் வந்தது ஐயமற்றது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருமுறை அச்சேறிப் பின்னர் ஏடு மறைந்துபோன நூல்கள் பல. அவற்றுக்கு முதற்பதிப்பே இன்று ஏட்டின் நிலையில் நிற்கிறது. அந்த 'ஏடு' எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தாலன்றி அதன் பிழைகளை எடைபோடுதல் இயலாது.

அதனை அறிதற்குரிய வாயில் அச்சுத்தொழிலாளர் வழங்கிய சொற்களே. கையால் எழுத்துக் கோத்து அச்சிடும் முறை தமிழில் 1578ஆம் ஆண்டு தொடங்கி நான்கு நூற்றாண்டுக் காலம் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆப்செட் அச்சும் கணிப்பொறியும் அதன் இடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டன. தொழில் மறையவே அதன் சொற்களும் மறைந்து வருகின்றன. இன்று முதுகலை பயிலும் மாணவர்க்குப் 'பாரம்' என்றால் சுமை என்னும் பொருளே தோன்றும். அச்சொல்லின் தொழிற்பொருளை அறியாமையால் ஆராய்ச்சியில் நேரும் தவறு சிறிதன்று என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் 'அச்சு' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அச்சு நூல் தமிழகத்துக்கு வருமுன்பே இச்சொல் பல தொழில்களிற் பயின்று வந்தது. கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் 'பழஞ்சலாகை அச்சு' என்னும் நாணயம் குறிக்கப்படுகின்றது. நெசவுத் தறியில் பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் கருவியும் அச்சு. வெல்லத்தை வார்க்கும் மரக்கட்டையும் அச்சு. பல படிகளை ஒரே வடிவினவாக ஆக்குதற்குரிய கருவி என்ற பொருளிலிருந்து இச்சொல் புதிய தொழிலுக்கு எளிதிற் பொருந்திற்று. இதற்கெனப் புதுச்சொல் ஆக்கவேண்டிய தேவை எழவில்லை.

இச்சொல்லோடு சேர்ந்து வரும் வினைகள் இன்னும் கருதத்தக்கன. அச்சு வார்த்தல், அச்சுக்கோத்தல், அச்சேற்றுதல், அச்சடித்தல், அச்சிற் பதித்தல் எனப் பல வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று கொள்வாரும் உளர். பொதுமக்கள் வழக்கில் அவ்வாறு ஆகியிருக்கலாம், தொழிற்கூடத்தில் அவ்வாறன்று. வார்த்தல் என்பது ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கி எழுத்து ஆக்குவோர் செயல். கோத்தல் என்பது அவ்வெழுத்துகளை எடுத்து வரியாக நிறுத்துவோர் செயல். ஏற்றுதல் பொறியிற் பொருத்துதல். அடித்தல் பொறியை ஓட்டித் தாளிற் படியச் செய்தல். ஒவ்வொரு நிலையும் வேறு வேறு ஆளின் கையில் நிகழ்வது. ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் உரிய பிழையும் வேறு.

இவற்றுள் 'கோத்தல்' என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தவர் யாரென்று கூறுதல் அரிது. தெரிந்தெடுத்தவர் தமிழறிந்தவர் என்பதில் ஐயமில்லை. முத்தையும் மலரையும் கோத்தல் போலவும், துளையிட்ட ஏடுகளைக் கயிற்றிற் கோத்தல் போலவும், தனித்தனியே கிடக்கும் எழுத்துகளை நிரலாக ஒன்று சேர்த்தலை இச்சொல் செவ்வனே உணர்த்துகிறது. 'கோர்த்தல்' என்று ரகர ஒற்றிட்டு எழுதுதல் இன்று பெருவழக்காய்விட்டது. அச்சுக்கோப்பவர் செய்த பிழைகள் அனைத்தையும் ஆராயும் நாம் அவர் தொழிற்பெயரிலேயே ஒரு பிழையைப் புகுத்தியிருத்தல் வியப்புக்குரியது.

அச்சிடும் இடத்தைக் குறித்த பெயர்களும் பலவாக இருந்தன. 1812ஆம் ஆண்டு சென்னையில் திருக்குறள் மூலம் அச்சானபோது அதன் முகப்பில் 'அச்சுக்கூடம்' என்னும் சொல்லே இடம்பெற்றது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சுத்தொழிலுக்கு இருந்த தடை நீங்கியபின் நம்மவர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகின. அக்காலத்து வடமொழிப் பற்றினால் 'முத்திராக்ஷரசாலை' என்னும் நெடுஞ்சொல் பரவிற்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் நிறுவியது வித்தியாநுபாலன யந்திரசாலை எனப்பட்டது. ஒரு பெயர் அச்சினையும், ஒரு பெயர் முத்திரை போன்ற எழுத்தினையும், ஒரு பெயர் பொறியினையும் முதன்மையாகக் கொண்டன. இம்மூன்றும் ஒதுங்க, 'அச்சகம்' என்னும் குறுஞ்சொல் இருபதாம் நூற்றாண்டில் நிலைத்தது.

இப்பெயர் வேறுபாட்டினால் ஆராய்ச்சிக்குக் கேடொன்றும் இல்லை. கேடு விளைப்பவை முகப்புப் பக்கத்து வினைச்சொற்கள். பழைய நூல்களின் முகப்பில் இன்னாரால் 'பரிசோதிக்கப்பட்டு', இன்னாரால் 'பதிப்பிக்கப்பட்டது' என்று இரு வினைகள் வரும். பரிசோதித்தல் என்பது ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் துணிந்து பிழை களைதல். பதிப்பித்தல் என்பது பிறவினை. அச்சிற் பதியச் செய்தல், அதாவது பொருளும் முயற்சியும் தந்து நூலை வெளிக்கொணர்தல். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரை 1868இல் வெளிவந்தபோது பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர், பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. இங்கே இரு தொழிலும் இருவர்பால் அமைந்தமை தெளிவு. பின்னர்ப் பிள்ளையவர்களே ஏடு தேடிப் பரிசோதித்துத் தாமே பதிப்பித்த நூல்கள் உண்டு. அவ்விடத்து இரு சொல்லும் ஒருவரையே சாரும்.

காலப்போக்கில் பரிசோதித்தல் என்னும் சொல் முகப்பினின்று நீங்கிற்று. 'பதிப்பாசிரியர்' என்ற சொல் அதன் பொருளையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. இன்றைய பொருளை மனத்துட் கொண்டு பழைய முகப்பைப் படிப்போர், பதிப்பித்தவர் என்று கண்டவுடன் அவரே பாடம் துணிந்தவர் என்று எழுதிவிடுகின்றனர். நூற்பட்டியல்களிலும் இத்தவறு புகுந்துள்ளது. அச்சுக்கூட உரிமையாளராகவோ புத்தக வணிகராகவோ இருந்தவர் பதிப்பாசிரியராக உயர்த்தப்படுகிறார். ஏட்டோடு இராப்பகலாய் உழைத்த வித்துவான் பெயர் மறைந்துவிடுகிறது. ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தை மறந்ததனால் ஒருவர் வாழ்நாள் உழைப்பு மற்றொருவர் கணக்கில் ஏறுகிறது.

இனித் தொழிற்கூடத்துள் வழங்கிய சொற்களை நோக்குவோம். இவற்றுட் பெரும்பாலன ஆங்கிலத்தினின்று வந்தவை. கேஸ், ஸ்டிக், கேலி, பாரம், புரூப், ஸ்பேஸ், ரூல், பிளாக் என்றே அச்சுக்கோப்பவர் வழங்கினர். எழுத்துகள் அறை அறையாகப் பிரித்து வைக்கப்பட்ட மரப்பெட்டி கேஸ். அதன்முன் நின்று, கையில் ஏந்திய ஸ்டிக் என்னும் சிறு தட்டில் எழுத்தை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவர். சில வரிகள் நிரம்பியதும் அவற்றைக் கேலி என்னும் நீண்ட தட்டுக்கு மாற்றுவர். கேலியில் எடுக்கும் முதற்படி கேலி புரூப். தமிழிற் கேலி என்பதற்கு நகையாடல் என்ற பொருள் இருத்தலால், முதற்படியின் பிழை மலிவைக் கண்ட ஆசிரியர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றியிருக்கக்கூடும்.

இச்சொற்களைக் கண்டு முகஞ்சுளித்தல் முறையன்று. கருவியோடு வந்த பெயர்கள் கருவியோடு தங்கின. ஆயினும் தமிழ் நாவிற்கேற்ப அவை உருமாறியே தங்கின. 'பாரம்' என்பது ஆங்கிலச் சொல்லின் முதலொலி தமிழில் இன்மையாற் பகரமாகித் தமிழ்ச் சொல் போலவே ஒலிப்பது. உயர்நிலைப் பள்ளி வகுப்புகளை நாலாம் பாரம், ஐந்தாம் பாரம் என்று ஒருகாலத்தில் வழங்கியதும் ஒலி ஒத்த வேறு ஆட்சியே.

ஆங்கிலச் சொல்லை நீக்கித் தமிழ்ச்சொல் அமைத்தவிடத்து எப்பொழுதும் நன்மையே விளைந்ததென்று கூறவியலாது. புரூப் என்பதற்கு 'மெய்ப்பு' என்று ஆக்கினர். ஆங்கிலச் சொல்லுக்கு மெய்யென நாட்டுதல் என்ற ஒரு பொருள் உண்மையின், அதனை நோக்கி இச்சொல் எழுந்தது. அச்சகத்திலோ அத்தாள் எதனையும் மெய்யென நாட்டுவதன்று. சோதித்துப் பார்த்தற்கு எடுத்த படி. ஏடு படியெடுப்போர் எழுத்துப் பிழை நோக்குதலைக் குறித்த 'சரவை' என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருந்தது. சரவை பார்த்தல் என்றால் தொழிலும் விளங்கும்; ஏட்டுக் காலத்துக்கும் அச்சுக் காலத்துக்கும் இடையே உள்ள தொடர்பும் விளங்கும். மெய்ப்பு இன்று நிலைத்துவிட்டது. அதனை மாற்றவேண்டும் என்று யான் கூறவில்லை. ஆக்கும் பொழுதே ஏட்டுத் தொழிலோர் வழக்கை வினவியிருப்பின் இதனினும் சிறந்த சொல் கிடைத்திருக்கும் என்பதே கருத்து.

ஏட்டுத் தொழிலினின்று அச்சுத் தொழிலுக்கு வந்து நிலைத்த சொற்களும் இல்லாமல் இல்லை. ஏடு, இதழ், பக்கம், வரி, கட்டு என்பன அத்தகையன. பிரதி என்னும் சொல் ஏட்டுப்படிக்கும் அச்சுப்படிக்கும் பொதுவாயிற்று. புத்தகத்துக்கு அட்டையிட்டுத் தைத்தலைக் 'கட்டடம்' என்று பழைய விலைப்பட்டியல்களிற் குறித்தனர். இன்றைய வாசகர் அதனை வீடென்று மயங்கக்கூடும்.

மிகுதியும் ஆராயத்தக்க சொல் 'எழுத்து' என்பதாகும். இலக்கணத்தார் ஒலிவடிவையும் வரிவடிவையும் எழுத்து என்பர். அச்சுக்கோப்பவர்க்கு எழுத்து என்பது விரலால் எடுக்கத்தக்க ஓர் உலோகத் துண்டு. இரண்டும் ஒன்றல்ல. 'கொ' என்பது இலக்கணத்தில் ஓர் உயிர்மெய். பெட்டியில் அது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று துண்டு. 'கௌ' என்பதும் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என மூன்று துண்டாகவே கோக்கப்பட்டது. அதனால் 'கௌ' என்பதும் 'கெள' என்பதும் அச்சில் ஒரே உருவின. சொல்லை அறிந்தவர் சூழலாற் பிரித்துணர்வர். பழைய அச்சு நூலைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் பிரித்துணராமையால் இன்று மின்பதிப்புகளில் 'ஔ'காரம் பலவிடத்தும் ஒகரமும் ளகரமுமாகச் சிதறிக் கிடக்கின்றது.

தமிழ் நெடுங்கணக்கில் எழுத்து 247 என்பது யாவரும் அறிந்தது. பெட்டியில் எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தல் பயனுடையது. ஔ நீங்கலாக உயிர் 11, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர ஈகாரம் ஏறியவை 36, உகர ஊகாரம் ஏறியவை 36. ஆக 120. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என்னும் 4 குறிகளைக் கூட்ட 124 ஆகும். முற்காலத்தில் ணா, றா, னா என்னும் மூன்றும் கால் பெறாது சுழித்து எழுதப்பட்டன; ணை, லை, ளை, னை என்னும் நான்கும் துதிக்கை போன்ற வளைவு பெற்றன. அந்த 7 தனி வடிவையும் சேர்க்க 131 வேண்டும். கிரந்த எழுத்து, எண், நிறுத்தக்குறி, இடைவெளித் துண்டு என்பன இதற்குப் புறம்பு. ஙகர வரிசையில் வழங்காத சிலவற்றை வார்க்காமல் விடுதலும் கூடும். ஆங்கிலத்துக்குப் போதுமான அறைகளைக் கொண்டு தமிழ் கோத்தல் இயலாதென்பது இதனாற் பெறப்படும். தமிழ் அச்சுக்கோப்பவர் கை எட்டிப் பயிலவேண்டிய பரப்பு பெரிது. கை தவறுதற்குரிய வாய்ப்பும் பெரிது.

1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் 13 உயிர்மெய்களின் வடிவம் மாறிற்று என்பர். இலக்கணத்தார் கணக்கில் அது சரியே. அச்சகக் கணக்கில் நீங்கியவை 7 துண்டுகளே; ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்னும் ஆறும் கொம்போடு பழைய சுழித்த துண்டுகளைச் சேர்த்து ஆக்கப்பட்டவை ஆதலின். பெரியார் ஈ. வெ. ரா. 1935இலேயே தம் இதழில் இச்சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். அவ்வாறு ஒருவர் தம் அச்சுக்கூடத்தளவில் மாற்றிக்கொள்ளக் கூடியதாயிருந்தமைக்கும் இதுவே காரணம்: புதிதாக ஓர் எழுத்தும் வார்க்கவேண்டியதில்லை, இருந்த துண்டுகளே போதும்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். 'கொடி' என்னும் சொல்லைக் கொள்க. பெட்டியில் இது கொம்பு, க, கால், டி என நான்கு துண்டு. கால் விடுபடின் 'கெடி' என்றாகும். கொம்பு விடுபடின் 'காடி' என்றாகும். ஒற்றைக்கொம்பு எடுக்கவேண்டிய கை இரட்டைக்கொம்பு அறைக்குச் செல்லின் 'கோடி' என்றாகும். மூன்றும் தமிழ்ச் சொற்களே, அகராதியில் இடம்பெற்றவையே. ஆகவே பிழை பிழையாகத் தோன்றாது. ஏடெழுதுவோர் கொடியையும் கோடியையும் ஒரே வடிவில் எழுதினர். அங்கே ஐயம் ஏட்டின் இயல்பால் விளைவது. கொடியைக் காடி என்று எழுதுதல் ஏட்டிலே அரிது. கையும் மனமும் சேர்ந்து ஓரெழுத்தை முழுமையாக எழுதுவதே அங்கு வழக்கம். அச்சிலோ ஒரு துண்டு விழுந்தாற் போதும்.

செய்யுளாயின் யாப்பு ஓரளவு துணைசெய்யும். 'கொடி' நிரையசை, 'காடி', 'கோடி' என்பன நேரசை இரண்டு. அசை மாறுமிடத்துத் தளையும் பிறழக்கூடும், ஆராய்வோர் விழித்துக்கொள்வர். 'கெடி' என்பதும் நிரையசையே ஆதலின் அவ்விடத்து யாப்பும் காட்டிக்கொடாது. உரைநடையில் எத்துணையும் இல்லை. முதற்பதிப்பில் இவ்வாறு ஒரு துண்டு தவறியமையால் வந்த வடிவத்தைப் பாடபேதமாகக் குறித்து, அதற்கு நயமும் காட்டிய ஆய்வேடு ஒன்றை யான் படித்ததுண்டு. பொருள் கூறிய திறம் பாராட்டத்தக்கதாகவே இருந்தது. பாடந்தான் புலவருடையது அன்று.

மற்றொரு பிழை 'எழுத்துப் பிரித்தல்' என்னும் தொழிலிற் பிறப்பது. அச்சிட்டு முடிந்த பின் எழுத்துகளைக் கழுவி மீண்டும் உரிய அறைகளிற் போடுதலே எழுத்துப் பிரித்தல். தொழில் பழகுவோரிடம் இதனை விடுதலும் உண்டு. எழுத்தின் முகம் வலம் இடமாகத் திரும்பியிருக்கும். ஒத்த உருவினவற்றை மயங்கிப் பிறிதோர் அறையில் இடுதல் எளிது. அறை மாறிய எழுத்து மறுமுறை கோக்கும்போது எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கும். ஏட்டுப் பிழைகள் பெரும்பாலும் ஒலியொப்புமையாலோ உருவொப்புமையாலோ எழுவன; லகர ளகர ழகர மயக்கமும் ரகர றகர மயக்கமும் அத்தகையன. ஏட்டிலுள்ள சொல்லோடு ஒலியாலும் உருவாலும் தொடர்பே இல்லாத ஓரெழுத்து அச்சு நூலிற் காணப்படின், பாடபேதம் தேடுமுன் பெட்டியை நினைத்தல் வேண்டும். அறையிலிருந்து கை எடுத்தது எதுவோ அதுவே அங்கு நிற்கிறது.

இனிப் பாரத்தின் இயல்பு. ஒரு தாளின் ஒரு முகத்தில் ஒருங்கே அச்சாதற்குரிய பக்கங்களை இரும்புச் சட்டத்துள் உரிய முறையில் வைத்து ஆப்பிட்டு இறுக்கிய தொகுதி பாரம். எட்டாக மடியும் தாளில் ஒரு முகத்துக்கு 8 பக்கம். 1, 4, 5, 8, 9, 12, 13, 16 என்னும் பக்கங்கள் ஒரு முகத்திலும், 2, 3, 6, 7, 10, 11, 14, 15 என்பன மறுமுகத்திலும் அமையும். நாளடைவில் இருமுகமும் சேர்ந்த 16 பக்கமும் ஒரு பாரம் எனப்பட்டது. நூலின் அளவையும் கூலியையும் பாரக் கணக்கிலேயே பேசினர். சிறிய பொறி உள்ளவிடத்து 8 பக்கத்தைப் பாரமாகக் கொள்வதும் உண்டு. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி முடிந்த தம்பிரான் வணக்கம் 16 பக்கமுடையது. பிற்காலத்தார் கணக்கில் ஒரு பாரம். அச்சிறு நூலின் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்தும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்தும் தனித்தனியே காட்டப்பட்டிருத்தல் தமிழ் எழுத்து வார்ப்பின் வரலாற்றுக்குக் கிடைத்த நற்சான்று.

பழைய நூல்களில் 1, 17, 33, 49 ஆகிய பக்கங்களின் அடியில், நூற்பெயரின் முதலெழுத்தோடு ஓர் எண் சிறிய எழுத்தில் இருத்தலைக் காணலாம். அது பார எண். மடித்த தாள்களை நிரலாக அடுக்கித் தைப்பதற்காக இடப்பட்டது. படிப்போர் அதனைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. ஆராய்வோர்க்கோ அது ஒரு காலக்கணக்கு. எங்ஙனமெனின், நூல் முழுவதையும் ஒருங்கே கோத்து வைத்தற்குப் போதிய எழுத்து எவ்வச்சகத்திலும் எளிதில் இராது. ஒரு பாரம் கோத்து, சரவை பார்த்து, அச்சிட்டு முடித்து, எழுத்தைப் பிரித்த பின்னரே அவ்வெழுத்தைக் கொண்டு வேறு பாரம் கோப்பர். பெரிய நூலாயின் முதற்பாரத்துக்கும் இறுதிப் பாரத்துக்கும் இடையே பல மாதங்கள் கழியும். ஆண்டுகள் கழிந்தனவும் உண்டு.

இதனால் ஒரு பதிப்பு என்பது ஒரே பொழுதிற் பிறந்த ஒரே கருத்தன்று. பத்தாம் பாரம் அச்சாகும்போது பதிப்பாசிரியர்க்குப் புதிய ஏடு ஒன்று கிடைக்கலாம். 145ஆம் பக்கம் முதல் அதன் பாடத்தைக் கொள்வார். முன்னைய 144 பக்கங்களை அவர் தொடவியலாது. அவை தாளிற் பதிந்துவிட்டன, எழுத்துகளும் கலைந்துவிட்டன. அவற்றுக்குரிய திருத்தத்தைப் 'பிழைதிருத்தம்' என்ற பட்டியலிலோ அனுபந்தத்திலோதான் சேர்க்கமுடியும். முகவுரை பெரும்பாலும் கடைசியில் அச்சாகும். அதனாலேயே அதற்குத் தனிப் பக்கஎண் இடப்படுகிறது. முகவுரையில் ஏழு ஏடுகள் கிடைத்தன என்று பதிப்பாசிரியர் எழுதியிருப்பின், ஏழும் முதற்பக்கம் தொட்டே ஒப்பிடப்பட்டன என்று கொள்ளலாகாது. நூலின் முற்பகுதியில் ஒருவகைப் பாடமும் பிற்பகுதியில் வேறுவகைப் பாடமும் தலைதூக்கி நிற்குமாயின், மாற்றம் எப்பாரத்தில் தொடங்குகிறது என்று நோக்குக. பதிப்பாசிரியர் முன்பின் முரணினார் என்று பழிகூறும் முன்பு இதனைச் செய்தல் கடமை. உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணி அச்சான வரலாற்றைத் தம் 'என் சரித்திரம்' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். அச்சுக்கூடச் சொற்களை உணர்ந்து அப்பகுதிகளைப் படிப்போர்க்கு அவர் பட்ட பாடு இருமடங்காகப் புலனாகும்.

ஒரே பதிப்பின் படிகளும் தம்முள் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆப்பு நெகிழ்ந்த பாரத்தில் மைதடவும் உருளை ஓடும்போது ஓரெழுத்தைப் பிடுங்கிக்கொண்டு போதல் உண்டு. அதற்கு முன் அச்சான தாள்களில் எழுத்து இருக்கும். பின் அச்சானவற்றில் இராது. பொறியோட்டுபவர் கண்டு பொறியை நிறுத்தி, கைக்குக் கிடைத்த எழுத்தைச் செருகினால் மூன்றாம் வகைப் படியும் தோன்றும். செருகிய எழுத்து வேறு பருமனினதாகவோ வேறு வார்ப்பினதாகவோ இருப்பின், உற்று நோக்குவார்க்கு அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஆதலின் முதற்பதிப்பை ஒப்பிடும்போது ஒரு நூலகத்துப் படியோடு அமையாது இரண்டு மூன்று படிகளைப் பார்த்தல் நன்று. வேற்றுமை காணின் அவ்விடத்தை அச்சாளர் கணக்கில் வைக்க.

எழுத்தின் பருமன் பற்றி ஒரு சொல். 1713இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழெழுத்துகள் பெரியனவாயிருந்தமையாற் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. அதனால் அருகிலுள்ள பொறையாற்றிற் சிறிய எழுத்து வார்த்துப் புதிய ஏற்பாட்டினை அச்சிட்டு 1715இல் முடித்தனர். பருமன் குறித்த பெயர்கள் பின்னர்ப் பைக்கா, கிரேட் பிரைமர், லாங் பிரைமர் என வழங்கிப் பாயிண்டு என்னும் அளவைக்கு இடந்தந்தன. மூலத்துக்குப் பெரிய எழுத்தும் உரைக்குச் சிறிய எழுத்துமாக அமைத்தவிடத்து மூலமும் உரையும் வெவ்வேறு பெட்டியினின்று கோக்கப்பட்டவை. உரையில் மலிந்த ஓர் எழுத்துப் பிழை மூலத்தில் இல்லாதிருத்தற்கு இதுவும் காரணமாகலாம்.

'பதிப்பு' என்ற எண்ணிக்கையிலும் கருத்து வேண்டும். கையாற் கோத்த காலத்தில் இரண்டாம் பதிப்பு என்பது பெரும்பாலும் முற்றும் புதிதாகக் கோத்ததே. எழுத்துகள் கலைக்கப்பட்டமையால் வேறு வழியில்லை. எனவே 'திருத்திய பதிப்பு' என்று முகப்பிற் பொறித்திருப்பினும் பழைய பிழை நீங்குதலோடு புதிய பிழை சேர்தலும் உறுதி. ஒளிப்பட முறையால் முதற்பதிப்பை அவ்வாறே எடுத்து அச்சிடும் இக்காலத்து மறுஅச்சில் புதிய பிழை இல்லை. பழையது அனைத்தும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லாற் 'பதிப்பு' என்று வழங்குதல் பொருந்தாது. மறுகோப்பு, மறுஅச்சு என்று பிரித்து வழங்கின் ஆய்வேடுகளில் தெளிவு உண்டாகும். மறுகோப்பு என்பது யான் புதிதாக ஆக்க முயன்ற சொல்லன்று; கோத்தல் என்னும் தொழிலாளர் சொல்லினின்று தானே வருவது.

அகராதித் தொகுப்பாளரும் கலைச்சொல் அமைப்போரும் அச்சுக்கோத்த முதியவர்களை நாடி அவர்கள் வாய்ச்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். அவருட் பலர் இப்போது தொழில் விட்டுப் பல்லாண்டு ஆயின. ஆங்கிலச் சொல்லாயின் அவர்கள் ஒலித்தவாறே எழுதிக்கொள்ளலாம். எக்கருவிக்கு, எச்செயலுக்கு வழங்கினர் என்பதே வேண்டுவது. ஊருக்கு ஊர் வேறுபாடும் இருக்கும். பாரம் என்பதற்கு எங்கே 8 பக்கம், எங்கே 16 பக்கம் என்ற ஒன்று தெரிந்தாலே பழைய கணக்கேடுகளும் கடிதங்களும் பல விளங்கும்.

பிழைதிருத்தப் பட்டியலைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அது கடைசியில் அச்சான தனித்தாள் ஆகையால், நூலின் முன்னோ பின்னோ ஒட்டப்பட்டது. நூலகத்தில் மறுகட்டடம் செய்யும்போது பல படிகளில் அது கழன்று போயிற்று. அத்தகைய படியைக் கொண்டு ஒளிப்பட மறுஅச்சு வெளியாயின், பதிப்பாசிரியர் தாமே கண்டு களைந்த பிழைகள் அவர் பெயராலேயே மீண்டும் உலவும். மறுஅச்சைப் பயன்படுத்தும் மாணவர் முதற்பதிப்பின் வேறு படிகளைத் தேடி அத்தாள் இருந்ததா என்று பார்த்தபின் பாடங்களைக் குறித்துக்கொள்க.